பெஞ்சில் காத்திருக்கும் ஆட்டம்: கால்பந்துக் கேள்வி-பதில்

கால்பந்துப் பயிற்சியாளரின் வேலை குறித்துக் கேள்விகள் அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மாற்று ஆட்டக்காரர்களை இறக்குவது பற்றியும், ஆட்டத்துக்கு ஆட்டம் அணியை மாற்றி அமைப்பது பற்றியுமே இருந்தன. இவை இரண்டும் ஒரே வேலையின் இரு பக்கங்கள் என்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

ஆட்டம் கைவிட்டுப் போகிறது என்று முப்பதாவது நிமிடத்திலேயே தெரிந்தாலும், பயிற்சியாளர்கள் அறுபதாவது நிமிடம் வரை ஆளை மாற்றாமல் காத்திருப்பது ஏன்? – வாசகர், திருச்சி

முதல் காரணம் விதியில் இருக்கிறது. இன்றைய பெரிய போட்டிகளில் ஓர் அணி ஐந்து பேரை மாற்றலாம் என்றாலும், ஆட்டம் நடக்கும்போது மூன்று தடவைகளில் மட்டுமே அதைச் செய்ய முடியும். இடைவேளையில் செய்யும் மாற்றம் அந்த மூன்றில் சேராது. முப்பதாவது நிமிடத்தில் ஒரு தடவையைச் செலவழித்துவிட்டால் மிச்சமுள்ள ஒரு மணி நேரத்துக்கும் இரண்டுதான் கையிருப்பு. காயம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பதினைந்து நிமிடம் பொறுத்தால் இடைவேளையில் வீரர்களை உட்காரவைத்துப் பேசியே தவறைத் திருத்தலாம், அது போதாவிட்டால் தடவைக் கணக்கில் சேராமலேயே ஆளையும் மாற்றலாம் என்னும்போது, அவசரப்படாமல் இருப்பதே பெரும்பாலும் சரியான முடிவு.

இரண்டாவது காரணம் உடல். தசைகளில் சேமித்து வைக்கப்பட்ட கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து எரிபொருள் குறையக் குறைய வேக ஓட்டத்தின் எண்ணிக்கை குறைகிறது; கடைசிக் கால் மணி நேரத்தில் இந்தச் சரிவு வெளிப்படையாகவே தெரியும். இதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் பந்தைப் பார்ப்பதில்லை. பந்து தன் காலில் இருக்கும்போது களைத்துப் போனவரும் ஓடிவிடுவார். அந்தப் பந்து பறிபோன அடுத்த மூன்று நான்கு நொடிகளில் அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் களைப்பு முதலில் வெளிப்படுகிறது. ஓரத்தில் ஆடும் தாக்குதல் வீரரான விங்கர் திரும்பி ஓடாமல் நடக்கத் தொடங்குவார். அவருக்குப் பின்னால் இருக்கும் தடுப்பாட்டக்காரர் தனியாக இரண்டு பேரைச் சமாளிக்க வேண்டியதாகிவிடும். உதவிப் பயிற்சியாளர்கள் கவனித்துக்கொண்டிருப்பது இதைத்தான். மஞ்சள் அட்டை வாங்கிய நடுக்கள வீரரின் மேல் இன்னொரு கண் இருக்கும், ஏனென்றால் கால் தளர்ந்தவரின் தடுப்பாட்டம் அரை நொடி தாமதமாகவே போய்ச் சேரும்.

ஆனாலும் காத்திருப்பதற்கு ஓர் எல்லை உண்டு. 2022 உலகக் கோப்பையில் ஜெர்மனியிடம் ஒரு கோல் பின்தங்கியிருந்த ஜப்பானின் பயிற்சியாளர் ஹாஜிமே மொரியாசு, இடைவேளையிலேயே தாக்குதல் வீரர் குபோவை எடுத்துவிட்டுத் தடுப்பாட்டக்காரர் தோமியாசுவை இறக்கினார். கோல் தேவைப்படும் நேரத்தில் தடுப்பாட்டக்காரரா என்று வியந்தவர்கள் உண்டு. பின்வரிசையில் மூவர் நின்றதால் ஓரங்களில் இருப்பவர்கள் துணிந்து முன்னேற முடிந்தது. அதன் பிறகு மிதோமா, அசானோ, தோவான், மினாமினோ என்று தாக்குதல் வீரர்கள் அடுத்தடுத்து வந்தார்கள். 75-ஆவது நிமிடத்தில் மிதோமாவிடமிருந்து மினாமினோவுக்குப் போன பந்தை ஜெர்மனியின் கோல்கீப்பர் நோயர் தட்டிவிட, தோவான் அடித்துச் சமன் செய்தார். 83-இல் அசானோ வெற்றி கோலைப் போட்டார். கோல் வந்தது மாற்று வீரர்களின் காலிலிருந்து என்பதை எல்லோரும் எழுதினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தக் கோல்களுக்கு இடம் உண்டாக்கிய இடைவேளை மாற்றம்.

முன்பெல்லாம் மாற்று வீரர்களே கிடையாது என்று என் தந்தை சொல்வார். அது உண்மையா? – வாசகி, திருநெல்வேலி

உண்மைதான். 1956-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டி கோல்கீப்பர் பெர்ட் டிராட்மான், எதிரணி வீரரின் காலடியில் பாய்ந்து பந்தைப் பிடித்தபோது கழுத்தில் பலமாக அடிபட்டார். அவருக்குப் பதிலாக இறக்க ஆளில்லை. விதி இடம் தரவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டே கடைசி வரை நின்று ஆடி, அணி 3-1 என்று வென்ற பிறகு, சில நாட்கள் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில்தான் கழுத்தெலும்பு முறிந்திருந்தது தெரிந்தது. இதை வீரக் கதையாகச் சொல்வது வழக்கம். ஒரு மனிதரின் உயிரோடு விளையாடிய விதி அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் 1965-66 பருவத்தில்தான், அதுவும் காயமடைந்தவருக்குப் பதிலாக மட்டும், ஒரேயொரு மாற்று வீரர் அனுமதிக்கப்பட்டார். 1965 ஆகஸ்ட் 21 அன்று போல்டனுக்கு எதிராகக் காயமடைந்த கோல்கீப்பர் வெளியேறியபோது உள்ளே வந்த சார்ல்டன் அத்லெட்டிக் அணியின் கீத் பீக்காக் அந்த வரிசையில் முதல்வர். இரண்டு ஆண்டுகள் கழித்து, காயம் இல்லாவிட்டாலும் மாற்றலாம் என்றானது. உலகக் கோப்பைக்கு இந்த விதி 1970-இல் மெக்சிகோவில் வந்தது. ஆட்டத்துக்கு இரண்டு பேர்.

அந்த முதல் போட்டியிலேயே, இன்றளவும் விவாதிக்கப்படும் ஒரு மாற்றம் நடந்தது. லியோன் நகரில், உச்சி வெயிலில், மேற்கு ஜெர்மனிக்கு எதிரான காலிறுதியில் இங்கிலாந்து 2-0 என்று முன்னிலையில் இருந்தது. 68-ஆவது நிமிடத்தில் பெக்கன்பவர் ஒரு கோலைத் திருப்பினார். அதையடுத்து இங்கிலாந்தின் பயிற்சியாளர் ஆல்ஃப் ராம்சே, மூன்று நாளில் வரவிருந்த அரையிறுதிக்காக 32 வயது பாபி சார்ல்டனுக்கு ஓய்வு கொடுக்க நினைத்து அவரை வெளியே அழைத்தார். இங்கிலாந்து கடைசியில் 3-2 என்று தோற்றது; சார்ல்டன் அதன் பிறகு இங்கிலாந்துக்காக ஆடவே இல்லை. சார்ல்டனைக் கண்காணிக்கும் வேலையிலிருந்து பெக்கன்பவர் விடுபட்டதே காரணம் என்பார்கள். ஆனால் பெக்கன்பவரின் கோல் விழுந்தபோது சார்ல்டன் களத்தில்தான் இருந்தார். அதைவிடப் பெரிய காரணம் எதிர்ப்பக்கத்து பெஞ்சில் இருந்தது. ஜெர்மனியின் பயிற்சியாளர் ஹெல்முட் ஷோன் அதற்கு முன்பே கிரபோவ்ஸ்கி என்ற விங்கரைப் புத்தம் புதுக் கால்களோடு இறக்கியிருந்தார். அந்த வெயிலில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஏறி இறங்கிக் களைத்திருந்த இங்கிலாந்தின் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர் டெர்ரி கூப்பரால் அவரை ஈடுகொடுக்க முடியவில்லை. ராம்சே தன் மாற்று வீரர்களை அடுத்த ஆட்டத்துக்காகப் பயன்படுத்தினார். ஷோன் நடந்துகொண்டிருந்த ஆட்டத்துக்காகப் பயன்படுத்தினார்.

2022 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜிரூவையும் டெம்பெலேயையும் 41-ஆவது நிமிடத்திலேயே பிரான்சின் பயிற்சியாளர் டெஷாம்ப் வெளியேற்றியது அவர்களை அவமானப்படுத்தியது ஆகாதா? அதே ஆட்டத்தில் டி மரியாவை எடுத்தது அர்ஜென்டினாவின் தவறா? – வாசகர், கோயம்புத்தூர்

அவமானம் என்று அந்த வீரர்களுக்குத் தோன்றியிருக்கலாம். ஜிரூவின் முகத்தில் அது தெரிந்தது. ஆனால் டெஷாம்பின் இடத்தில் நின்று பாருங்கள். லூசைல் மைதானத்தில் பிரான்ஸ் 2-0 என்று பின்தங்கியிருந்தது; முதல் பாதி முழுவதும் கோலை நோக்கி ஒரு ஷாட்கூட அடிக்கவில்லை; முதல் கோலுக்கான பெனால்டி டெம்பெலே டி மரியாவைத் தடுக்கப் போய் உண்டானது. இடைவேளைக்கு நான்கு நிமிடமே இருக்கும்போது, ஒரு தடவையை இழந்தாலும் பரவாயில்லை என்று இருவரை மாற்றியதன் மூலம், ஆடிக்கொண்டிருந்த மற்ற ஒன்பது பேருக்கும் இந்த நிலை தொடர முடியாது என்பதை ஒரு சொல்லும் பேசாமல் அவர் தெரிவித்துவிட்டார்.

அப்போது வந்தவர்கள் கோலோ முவானியும் மார்க்குஸ் துராமும். 71-ஆவது நிமிடத்தில் கிரீஸ்மானையும் தியோ ஹெர்னாண்டஸையும் எடுத்துவிட்டு கோமான், கமவிங்கா இருவரையும் இறக்கினார். பிறகு நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 80-ஆவது நிமிடத்தில் கோலோ முவானியை ஒட்டமெண்டி இழுத்து வீழ்த்தியதால் பெனால்டி, எம்பாப்பே கோல். அடுத்த நிமிடமே மெஸ்ஸியின் காலிலிருந்து கோமான் பந்தைப் பறித்தார். துராம் உயர்த்திக் கொடுத்த பந்தை எம்பாப்பே தரையில் விழவிடாமல் அடித்தார். கோல்கள் எம்பாப்பே பெயரில் பதிவாயின. இரண்டுக்கும் வழி திறந்தவர்கள் பெஞ்சிலிருந்து வந்தவர்கள்.

டி மரியா விஷயத்தில் என் கருத்து சற்று வேறானது. அந்தப் போட்டித்தொடரின் நடுவில் காயத்தால் ஒதுங்கியிருந்து இறுதியாட்டத்துக்குத் திரும்பியவர் அவர். 64 நிமிடம் என்பது அவர் உடல் தாங்கக்கூடிய அளவை ஒட்டியே இருந்திருக்கும். எனவே அவரை எடுத்ததைத் தவறென்று சொல்ல மாட்டேன். அவருடைய இடத்துக்கு அதிகம் தடுப்பாட்டம் ஆடும் அகுன்யாவைக் கொண்டுவந்தது கேள்விக்குரியது. டி மரியா இடது ஓரத்தில் நின்றவரை பிரான்சின் வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர் முன்னேற அஞ்சினார். அந்த அச்சம் நீங்கியபின் அர்ஜென்டினா மெல்ல மெல்லத் தன் பெனால்டி பெட்டியை நோக்கிப் பின்வாங்கத் தொடங்கியது.

ஆனால் அர்ஜென்டினாவின் பயிற்சியாளர் ஸ்கலோனியின் பிற்பகுதி மாற்றங்களையும் சேர்த்தே எடைபோட வேண்டும். ஆட்டம் சமனில் முடிந்தபின் வெற்றியாளரைத் தீர்மானிக்க நடந்த பெனால்டிகளில் அர்ஜென்டினாவுக்காக அடித்த நால்வரில் மெஸ்ஸியைத் தவிர்த்த மூவரும், அதாவது டிபாலா, பரேடெஸ், மோன்டியல், கூடுதல் நேரத்தில் உள்ளே வந்தவர்கள். இவர்களில் மோன்டியல், 118-ஆவது நிமிடத்தில் தன் கையில் பந்து பட்டதால் பிரான்சுக்குப் பெனால்டி கிடைக்கக் காரணமானவர். கோப்பையை உறுதி செய்த கடைசிப் பெனால்டியை அடித்தவரும் அவரே.

பெனால்டிக்காகவே கடைசி நிமிடத்தில் ஆளை இறக்குவது பயன் தருமா? – வாசகர், மதுரை

இதில் மூன்று நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2014 உலகக் கோப்பைக் காலிறுதியில் கோஸ்டாரிகாவுக்கு எதிராக, நெதர்லாந்தின் லூயி வான் கால் கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் கோல்கீப்பர் சில்லெசனை எடுத்துவிட்டு, அவரைவிட உயரமான டிம் க்ரூலை இறக்கினார். க்ரூல் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார். இந்தத் திட்டம் க்ரூலுக்கு முன்கூட்டியே தெரியும், சில்லெசனிடம் சொல்லப்படவில்லை. நான்கு நாள் கழித்து அர்ஜென்டினாவுடனான அரையிறுதியும் பெனால்டிக்குப் போனது. ஆனால் அன்று மூன்று மாற்றங்களும் தீர்ந்துவிட்டிருந்தன. தனக்குப் பதில் இன்னொருவரைத் தேடிய பயிற்சியாளரின் முடிவை நினைவில் வைத்துக்கொண்டு கோலுக்கு முன் நின்ற சில்லெசன் ஒரு பந்தையும் தடுக்கவில்லை, நெதர்லாந்து வெளியேறியது. க்ரூலை இறக்கிய அன்றே, அடுத்த ஆட்டத்துக்கும் ஒரு மாற்றத்தைச் சேமித்து வைக்க வேண்டிய கட்டாயத்தை வான் கால் தானே உண்டாக்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

2021 ஜூலையில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் கேரத் சவுத்கேட், ராஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் 120-ஆவது நிமிடத்தையொட்டிப் பெனால்டிக்காகவே இறக்கினார். இருவரும் தவறவிட்டார்கள். ஆட்டத்தின் சூடு உடலில் ஏறாமல், பந்தை ஓரிரு முறைகூடத் தொடாமல், நேராகப் போய்ப் பெனால்டி அடிப்பது கடினம் என்று அன்று எல்லோரும் எழுதினார்கள். ஆனால் 2022-இல் டிபாலா அதே போன்ற நேரத்தில் வந்து கோல் போட்டார். ஒரே வகை முடிவு ஓரிடத்தில் அறிவாகவும் இன்னோரிடத்தில் மடமையாகவும் பேசப்படுகிறது; வேறுபாடு பெனால்டி விழுந்ததா இல்லையா என்பது மட்டுமே. மாற்றம் நிகழ்ந்த நொடியில் பயிற்சியாளருக்கு என்னென்ன தெரியும் என்று கேட்டு மதிப்பிடுவதே நேர்மையான முறை.

சிலர் தொடக்கத்திலிருந்து ஆடும்போது சாதாரணமாகவும், மாற்று வீரராக வந்தால் பிரமாதமாகவும் ஆடுகிறார்களே, அது எப்படி? – வாசகி, யாழ்ப்பாணம்

களைத்த தடுப்பாட்டக்காரர்களுக்கு எதிராகப் புதிய கால்களோடு வருவது பாதிக் காரணம். மீதிப் பாதி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தை அவர் எப்படிச் செலவழித்தார் என்பது. மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓலே குன்னார் சொல்ஷேர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பெஞ்சில் இருக்கும்போதே எதிரணித் தடுப்பாட்டக்காரர்களின் பலவீனங்களை அவர் கவனித்துக்கொண்டிருப்பார் என்று அந்த அணியின் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் பலமுறை கூறியிருக்கிறார். 1999 பிப்ரவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு எதிராக, அணி 4-1 என்று முன்னிலையில் இருந்தபோது கடைசி இருபது நிமிடத்துக்கு வந்து நான்கு கோல் போட்டார்.

அதே ஆண்டு மே 26 அன்று பார்சிலோனாவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தைப் பற்றிப் பேசும்போது, ஷெரிங்காமும் சொல்ஷேரும் மாற்று வீரர்களாக வந்து, தொண்ணூறு நிமிடத்துக்குப் பின் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் இரண்டு கோல் போட்டதை நினைவுகூர்கிறோம். எதிரணியான பேயர்ன் மியூனிக்கின் மாற்றத்தையும் பார்க்க வேண்டும். 38 வயது மத்தேயுஸ் 80-ஆவது நிமிடத்தில் வெளியேற, அவருக்குப் பதிலாக ஃபிங்க் வந்தார். கார்னரிலிருந்து வந்த பந்தை அந்த ஃபிங்க் சரியாக அடித்து விலக்காததால்தான் அது யுனைடெட்டின் கிக்ஸின் காலுக்குப் போய், ஷெரிங்காமின் கோலாக மாறியது. அதே பேயர்னின் இன்னொரு மாற்று வீரர் ஷோல் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஓர் அங்குலம் உள்ளே போயிருந்தால் அன்றைய வரலாறு பேயர்ன் பயிற்சியாளர் ஹிட்ஸ்ஃபெல்டின் பெஞ்சைப் பற்றியதாக இருந்திருக்கும்.

சொல்ஷேர், யார்க், கோல், ஷெரிங்காம் என்று நான்கு முன்கள வீரர்களை அந்தப் பருவம் முழுவதும் ஃபெர்குசன் மாற்றி மாற்றி ஆடவைத்திருந்தார் என்பதைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். பல மாதங்கள் ஆடாமல் உட்கார்ந்திருந்த ஒருவரை இறுதியாட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் இறக்கினால் அவரால் எதுவும் செய்ய முடியாது. ஆட்டப் பழக்கம், சக வீரர்களின் ஓட்டம், தன்மேல் பயிற்சியாளருக்கு நம்பிக்கை இருக்கிறது என்ற உணர்வு ஆகியவை ஜனவரியின் சிறிய ஆட்டங்களில்தான் சேர்கின்றன.

வெற்றி பெறும் அணியை மாற்றக் கூடாது என்பார்கள். லெஸ்டர் சிட்டி ஏறக்குறைய ஒரே பதினொருவரை வைத்து லீக்கை வென்றதே? அப்படியானால் ஆட்டத்துக்கு ஆட்டம் ஆட்களை மாற்றும் சுழற்சி முறை எதற்கு? – வாசகர், சேலம்

நல்ல கேள்வி, இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. லெஸ்டரின் பயிற்சியாளர் கிளாடியோ ரனியேரி, செல்சியில் இருந்த காலத்தில் ஓயாமல் அணியை மாற்றியதற்காகவே இங்கிலாந்துப் பத்திரிகைகளால் 'டிங்கர்மேன்' (எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பவர்) என்று கேலிப் பெயர் சூட்டப்பட்டவர். 2004 ஏப்ரலில் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் மொனாக்கோவுடன் 1-1 என்று இருந்தபோது, இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் எதிரணியில் ஒருவர் சிவப்பு அட்டை பெற்றார். பத்துப் பேரை எதிர்த்து வென்றுவிட வேண்டும் என்ற ஆசையில் ரனியேரி வலப்பக்கத் தடுப்பாட்டக்காரரை எடுத்துவிட்டு முன்கள வீரரை இறக்கினார். சற்று நேரத்தில் நடுக்கள வீரருக்குப் பதிலாக ராபர்ட் ஹூத் என்ற இளம் தடுப்பாட்டக்காரரை இறக்கினார். ஆட்டக்காரர்கள் யார் எங்கே நிற்பது என்று புரியாமல் தடுமாறினார்கள். பத்துப் பேர் கொண்ட மொனாக்கோ 3-1 என்று வென்றது. அந்தக் கோடையில் ரனியேரியின் வேலை போனது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதே ரனியேரி, அதே ஹூத்தைப் பின்வரிசையில் நிலையாக நிறுத்தி, லீக்கிலேயே மிகக் குறைவாக மாற்றங்கள் செய்த அணிகளில் ஒன்றைக் கொண்டு, இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரிமியர் லீக்கை வென்றார். அவருடைய அறிவு மாறிவிடவில்லை, தேவை மாறியிருந்தது. லெஸ்டருக்கு அந்தப் பருவத்தில் ஐரோப்பியப் போட்டிகள் இல்லை. உள்நாட்டுக் கோப்பைகளிலிருந்தும் சீக்கிரமே வெளியேறியது. மொத்தம் 43 ஆட்டங்களே. பெரும்பாலான வாரங்களில் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஆடுகிற அணிக்குச் சுழற்சி தேவையில்லை.

ஆனால் அந்த லெஸ்டரில்கூட பெஞ்ச் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. முன்கள வீரர் ஒகஸாகி எதிரணியைத் துரத்தித் துரத்திக் களைப்பதற்காகவே ஆடினார்; பெரும்பாலும் முழு ஆட்டமும் ஆடாமல், இரண்டாம் பாதியில் உயோவாவுக்கு இடம்விட்டு வெளியேறினார். 2016 பிப்ரவரியில் நார்விச்சுக்கு எதிராக 89-ஆவது நிமிடத்தில் ஒரே கோலைப் போட்டவர் மாற்று வீரராக வந்த உயோவா. ஏப்ரலில் முன்கள வீரர் வார்டி தடை பெற்றபோது, முதலிலிருந்தே ஆடி ஸ்வான்சிக்கு எதிராக இரண்டு கோல் போட்டவரும் அவரே. மாற்று வீரராக அடிக்கடி ஆடவைத்ததால்தான் அவர் தேவைப்பட்ட நாளில் தயாராக இருந்தார்.

வாரத்தில் இரண்டு ஆட்டம் ஆடும் அணிகளின் கதை வேறு. இரண்டு ஆட்டங்களுக்கு இடையே மூன்று நான்கு நாட்களே கிடைத்தால் தசைக் காயங்கள் கூடுகின்றன என்பது கிளப் மருத்துவர்களின் நீண்டகால அனுபவம். பார்சிலோனாவின் பெத்ரி, பதினெட்டு வயதில், 2020-21 பருவத்தில் கிளப்புக்கும் நாட்டுக்கும் சேர்த்து 73 ஆட்டங்கள் ஆடினார். ஐரோப்பியக் கோப்பை முடிந்த கையோடு டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் அனுப்பப்பட்டார். அடுத்த பருவத்தின் பெரும்பகுதியைத் தொடைத் தசைக் காயம் தின்றுவிட்டது. ஒரு பையனுக்கு இதைச் செய்திருக்கவே கூடாது.

சுழற்சியைச் சரியாகச் செய்தவர் யார் என்று கேட்டால் 2016-17 பருவத்தில் ரியல் மாட்ரிட்டின் பயிற்சியாளராக இருந்த ஜினெடின் ஜிடானைச் சொல்வேன். அப்போது 32 வயதை எட்டிய கிறிஸ்டியானோ ரொனால்டோவைச் சில வெளியூர் லீக் ஆட்டங்களுக்கு அழைத்துச் செல்லாமலே விட்டார். தன்னை ஓய்வெடுக்கச் சொல்வதை விரும்பாத வீரர் அவர். ஜிடான் சொன்னால் கேட்பார் என்பதுதான் இதன் சூட்சுமம். பேயர்னுடனான இரண்டு காலிறுதி ஆட்டங்களுக்கு இடையே ஹிஹோன் நகரில் நடந்த லீக் ஆட்டத்தில் வழக்கமான அணியின் பெரும்பாலானவர்களுக்கு ஓய்வு கொடுக்கப்பட்டது. இஸ்கோ இரண்டு கோல் போட்டு, இரண்டாவதைக் கடைசி நிமிடத்தில் அடித்து, 3-2 என்று வெல்லவைத்தார். ரொனால்டோ லீக்கின் 38 ஆட்டங்களில் 29-இல் மட்டுமே ஆடினார். விளைவு: சாம்பியன்ஸ் லீக் காலிறுதி முதல் இறுதிவரை பத்து கோல்கள், லீக்கும் சாம்பியன்ஸ் லீக்கும் ஒரே ஆண்டில். மொராட்டா, அசென்சியோ, ஹாமெஸ், இஸ்கோ போன்றவர்கள் இரண்டாம் வரிசையில் இருந்தார்கள் என்பது உண்மை. அத்தகைய செல்வம் எல்லா அணிக்கும் வாய்க்காது. ஆனால் அதே செல்வத்தை வைத்துக்கொண்டு பெயர்பெற்ற பதினொருவரையே தேய்த்துத் தேய்த்து ஆடவைத்த பயிற்சியாளர்களும் உண்டு.

நட்சத்திர வீரரைப் பார்க்கப் பணம் கொடுத்துச் சீட்டு வாங்கிய ரசிகருக்கு, அவரை ஓய்வு என்று உட்காரவைப்பது அநியாயம் இல்லையா? – வாசகர், சென்னை

ஓரளவுக்கு அநியாயம்தான். 2009 டிசம்பரில் வுல்வ்ஸ் அணியின் மிக் மெக்கார்த்தி, ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் ஆடும்போது, முந்தைய ஆட்டத்தில் ஆடிய பத்துக் கள வீரர்களையும் மாற்றிவிட்டார். கோல்கீப்பர் மட்டுமே மிஞ்சினார். 3-0 என்று தோற்றார்கள். பயணம் செய்து வந்த வுல்வ்ஸ் ரசிகர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். பிரிமியர் லீக், நிறுத்தி வைக்கப்பட்ட 25,000 பவுண்டு அபராதம் விதித்தது. அடுத்த ஆட்டத்தில் பர்ன்லியை வென்ற வுல்வ்ஸ் அந்தப் பருவத்தில் லீக்கில் நிலைத்தும் கொண்டது.

மெக்கார்த்தியின் கணக்கு எனக்குப் புரிகிறது. வெல்ல வாய்ப்புள்ள ஆட்டத்துக்கு வலிமையைச் சேமித்தார். ஆனாலும் நான் ரசிகர் பக்கமே நிற்பேன். இரண்டு மூன்று பேரை மாற்றுவது சுழற்சி. பத்துப் பேரை மாற்றுவது ஆட்டத்தை விட்டுக்கொடுப்பது. அன்று களமிறங்கிய பத்துப் பேருக்கும் அது நல்ல வாய்ப்பாக இல்லை. தோற்பதற்கென்றே அனுப்பப்பட்டதாக நினைக்கும் வீரரிடமிருந்து அடுத்த மாதம் நம்பிக்கையை எதிர்பார்க்க முடியாது.

ஐந்து மாற்று வீரர் விதி பணக்கார அணிகளுக்கு மட்டும் சாதகம் என்கிறார்களே? – வாசகி, ஈரோடு

சாதகம்தான். கொரோனா காலத்தில், 2020 மே மாதத்தில், நெருக்கமான அட்டவணையைச் சமாளிப்பதற்காகத் தற்காலிகமாக வந்த இந்த விதியை, பிரிமியர் லீக்கின் சிறிய அணிகள் அடுத்த இரண்டு பருவங்களுக்கு வாக்களித்துத் தடுத்ததற்கும் அதுவே காரணம். 2022-23 முதல் அங்கும் ஐந்துதான். பெஞ்சில் ஐந்து சர்வதேச வீரர்களை வைத்திருக்கும் அணிக்கும், இளைஞர் அணியிலிருந்து இருவரை அழைத்துவரும் அணிக்கும் ஐந்து என்ற எண் ஒன்றல்ல. ஆயினும் வீரர்களின் உடலை முன்னிட்டு விதி இருக்க வேண்டும் என்றே சொல்வேன். அணிகளுக்கு இடையிலான பண வேறுபாட்டைச் சரிசெய்ய வேறு வழிகளைத் தேட வேண்டுமே ஒழிய, களைத்தவரைக் களத்திலேயே நிற்கவைத்து அதைச் செய்யக் கூடாது.

நான் ஓர் அரசுப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். என்னிடம் பதினாறு மாணவர்கள் இருக்கிறார்கள். எப்போதும் அதே பதினொருவரே ஆடுகிறார்கள். மற்ற ஐவர் பயிற்சிக்கு வருவதையே குறைத்துக்கொண்டார்கள். என்ன செய்யலாம்? – வாசகர், திருவாரூர் மாவட்டம்

ஐயா, முதலில் விதியைப் பாருங்கள். வெளியேறிய ஆட்டக்காரர் மீண்டும் உள்ளே வர முடியாது என்பது பெரியவர்களின் போட்டிகளுக்கு உரியது. இளையோர் ஆட்டங்களிலும் அடித்தட்டு ஆட்டங்களிலும், அந்தந்த நாட்டுச் சங்கம் ஒப்புக்கொண்டால், வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போகலாம் என்று கால்பந்து விதிகளின் மூன்றாம் விதி இடம் கொடுக்கிறது. நீங்கள் கலந்துகொள்ளும் போட்டியின் விதிமுறையில் அது இருக்கிறதா என்று அமைப்பாளர்களிடம் கேளுங்கள். நட்பு ஆட்டங்களில் எதிரணி ஆசிரியருடன் பேசி நீங்களே அப்படி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, ஐவரையும் கடைசி ஐந்து நிமிடத்துக்கு மொத்தமாக இறக்காதீர்கள். முடிவு தெரிந்துபோன ஆட்டத்தில் ஐந்து நிமிடம் ஆடுவது சில மாணவர்களுக்கு ஆடாமல் இருப்பதைவிட வருத்தம் தரும். ஒவ்வோர் ஆட்டத்திலும் இருவரை முதல் நிமிடத்திலிருந்தே ஆடவையுங்கள். அந்த இருவர் யார் என்பதை முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். பின்வரிசையின் நடுவில் நிற்பவர்களையும் கோல்கீப்பரையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம். அவர்களுக்குள் உள்ள புரிதல் குலைந்தால் புதிதாக வந்த மாணவர்தான் பழியைச் சுமப்பார். ஓரங்களிலும் முன்வரிசையிலும் மாற்றங்களைத் தொடங்குவது எளிது.

பெஞ்சில் இருப்பவர்களுக்கு வேலை கொடுங்கள். எதிரணியின் இடப்பக்க ஆட்டக்காரர் எந்தக் காலால் அடிக்கிறார், அவர்களுடைய கோல்கீப்பர் உயரப் பந்தைப் பிடிக்கிறாரா தட்டிவிடுகிறாரா, யார் முதலில் நடக்கத் தொடங்குகிறார் என்பவற்றைக் கவனித்து இடைவேளையில் அணியின் முன் அவர்களே சொல்லட்டும். உள்ளே அனுப்புவதற்குப் பத்து நிமிடம் முன்பே கோட்டோரமாக ஓடவிட்டு உடலைச் சூடேற்றச் சொல்லுங்கள். அனுப்பும்போது நீண்ட அறிவுரை வேண்டாம், யார் பக்கத்தில் நிற்க வேண்டும், பந்து பறிபோனால் எங்கே ஓட வேண்டும் என்ற இரண்டை மட்டும் சொல்லுங்கள். வெளியே வரும் மாணவரைக் கோட்டருகில் நின்று நீங்களே வரவேற்று, ஏன் எடுத்தீர்கள் என்பதை அன்றே சொல்லிவிடுங்கள்.

மாதக் கடைசியில் பதினாறு பேரும் ஆடிய நிமிடங்களை ஒரு நோட்டில் கூட்டிப் பாருங்கள். யாருடைய பெயருக்கு எதிரே எண் மிகச் சிறியதாக இருக்கிறதோ, அடுத்த ஆட்டத்தின் முதல் பதினொருவரில் அவர் பெயரை முதலில் எழுதிவிட்டு மற்றவர்களைத் தேர்ந்தெடுங்கள்.